இங்கிலீஷ் வார்த்தைகளைச் சேர்ப்பது எப்படி?

இந்தக் கட்டுரை கொஞ்சம் நீளம். தாளில் இடம் பத்தாததால் எழுத்தைச் சின்னதாக எழுதி இருக்கிறேன். பின்னால் நிற்பவர்களுக்கு முன்னால் நிற்பவர்கள் சத்தமாகப் படித்துக் காட்டவும்.

கட்டுரையில் வரும் இங்கிலீஷ் வார்த்தைகளைத் தமிழ் எழுத்திலேயே எழுதி இருக்கிறேன். அதன் ஸ்பெல்லிங் வேண்டும் என்றால் இந்தச் சுவரிதழுக்குக் கீழே ஆணியில் தொங்கும் செருப்பு டப்பாவைப் பாருங்கள். அட்டை அட்டையாக எழுதிப் போட்டிருக்கிறேன். பார்த்துவிட்டு அதே டப்பாவில் போடவும்.

ஒரு மூடி மருந்து

நான் இதை எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. சொல்வதற்கு எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன்.

போன வருஷம் நான் 8-ஆம் வகுப்பு படித்தபோது எங்க அம்மிச்சிக்கு இருமலும் முட்டி வலியும் ஒன்றாக வந்தது. டவுனில் டாக்டரிடம் காட்டியதில் ரெண்டு பாட்டில் கொடுத்தார்கள். ஒன்று இருமலுக்குக் குடிக்கிற டானிக். இன்னொன்று முட்டிக்குத் தேய்க்கிற தைலம். ரெண்டும் ஒரே உயரம், ஒரே மாதிரி மூடி. அன்றைக்கு அம்மாவுக்கு ஓவர் டைம். வீட்டில் நானும் தம்பியும் அம்மிச்சியும்தான். ராத்திரி எட்டு மணிக்கு நான்தான் மருந்து ஊற்றிக் கொடுத்தேன்.

பாட்டிலைப் படிக்காமல் ஊற்றவில்லை. படித்தேன். 'ஃபார் எக்ஸ்டர்னல் யூஸ் ஒன்லி' என்று போட்டிருந்தது. யூஸ் தெரியும், ஒன்லி தெரியும். எக்ஸ்டர்னல் தெரியாது. 'எக்ஸ்ட்ரா' மாதிரி ஏதோ நல்ல வார்த்தை என்று நினைத்து ஒரு மூடி ஊற்றி, "குடிச்சுருங்க அம்மிச்சி" என்று நீட்டினேன்.

அம்மிச்சி வாய் கிட்டே கொண்டு போய், "ஏங் கண்ணு, இது சூடத்து வாசம் அடிக்குதே?" என்றார்கள். அந்த நேரம் மாவு வாங்க வந்த பக்கத்து வீட்டு அக்கா, ஓடி வந்து மூடியைப் பிடுங்கிக் கீழே கொட்டிவிட்டார்கள். அந்த அக்கா நர்சிங் படிக்கிறவர்கள். "இது வெளியில தேய்க்கிற மருந்து, சாமி! உள்ளுக்குக் கொடுத்தா என்ன ஆவும் தெரியுமா?" என்றார்கள். எனக்குக் கை நடுங்கியது. அரையாண்டுத் தேர்வில் இங்கிலீஷில் நான் 82 மார்க். அந்த 82 மார்க் அன்றைக்கு எதற்கும் உதவவில்லை.

பத்து மணிக்கு வந்த அம்மா திட்டவே இல்லை. பாட்டிலைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். திட்டி இருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது.

சாவி எங்க வீட்டிலேயே இருந்தது

மறுநாள் அந்த அக்கா என்னைக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டார்கள். "உங்கம்மா எங்க வேலைக்குப் போறாங்க?"

"எக்ஸ்போர்ட் கம்பெனிக்குங்க அக்கா."

"எக்ஸ்போர்ட்னா என்ன?"

"பனியன் தைச்சு வெளிநாட்டுக்கு அனுப்பறதுங்க."

"அப்ப எக்ஸ்னா என்னன்னு இப்ப சொல்லு."

எனக்குப் பளிச்சென்று புரிந்தது. எக்ஸ் என்றால் வெளியே. திருப்பூர் பக்கம் பிறந்த நமக்கு எக்ஸ்போர்ட் என்ற வார்த்தை சோறு மாதிரி. தினமும் வாயில் வருகிறது. ஆனால் அதை உடைத்துப் பார்த்ததே இல்லை.

போர்ட் என்பது லத்தீன் மொழியில் சுமந்து செல்வது என்ற அர்த்தம் உள்ள சொல்லில் இருந்து வந்தது. எக்ஸ்போர்ட், வெளியே கொண்டு போவது. இம்போர்ட், உள்ளே கொண்டு வருவது. டிரான்ஸ்போர்ட், ஓரிடத்தில் இருந்து மறு இடத்துக்குக் கொண்டு போவது. போர்ட்டபிள், தூக்கிக்கொண்டு போகக்கூடியது. சப்போர்ட், கீழே இருந்து தாங்குவது. ரிப்போர்ட், போய்ப் பார்த்துவிட்டுச் செய்தியைத் திரும்பக் கொண்டு வருவது. ஒரு சொல்லை உடைத்ததில் ஆறு சொல் கிடைத்துவிட்டது.

எக்ஸ் குடும்பமும் பெரிசு. தியேட்டரில் சிவப்பு விளக்கில் எக்சிட் என்று இருக்கும், வெளியே போகும் வழி. எக்ஸ்ஹேல், மூச்சை வெளியே விடுவது. மருந்து அட்டையில் எக்ஸ்பயரி என்று போடுகிறார்களே, அதற்கும் மூச்சை வெளியே விடுவது என்றுதான் பழைய அர்த்தம். கடைசி மூச்சை விட்டுவிட்டது, அதாவது காலம் முடிந்துவிட்டது. நாம்கூட 'உயிரை விட்டார்' என்றுதானே சொல்கிறோம்? இதைத் தெரிந்துகொண்ட பிறகு எக்ஸ்பயரி தேதி பார்க்காமல் நான் எந்த மாத்திரையும் யாருக்கும் கொடுப்பதில்லை.

இன்னொரு குடும்பம் ஸ்பெக்ட். பார்ப்பது என்று அர்த்தம். இன்ஸ்பெக்டர், உள்ளே நுழைந்து பார்ப்பவர். ஸ்பெக்டேட்டர், வேடிக்கை பார்ப்பவர். சஸ்பெக்ட், கீழ்க்கண்ணால் பார்ப்பது, அதாவது சந்தேகப்படுவது. ரெஸ்பெக்ட், திரும்பிப் பார்ப்பது. மரியாதைக்கு உரியவர் போனால் நாம் திரும்பிப் பார்க்கத்தானே செய்கிறோம்!

எதற்கு ஒரே பொருளுக்கு ரெண்டு வார்த்தை?

ஹெல்ப் என்றாலும் உதவி, அசிஸ்ட் என்றாலும் உதவி. பை என்றாலும் வாங்குவது, பர்ச்சேஸ் என்றாலும் வாங்குவது. பிகின் என்றாலும் ஆரம்பம், கமென்ஸ் என்றாலும் ஆரம்பம். எதற்கு இந்த ரெட்டை வேலை என்று எங்க இங்கிலீஷ் டீச்சரிடம் கேட்டேன். அவர்கள் ஒரு சரித்திரம் சொன்னார்கள்.

1066-ஆம் ஆண்டு பிரான்ஸ் பக்கம் இருந்த நார்மண்டி நாட்டுப் பிரபு வில்லியம் கடல் தாண்டி வந்து இங்கிலாந்து அரசரைப் போரில் வென்று தானே அரசர் ஆகிவிட்டார். அதற்குப் பிறகு சுமார் 300 வருஷம் அரண்மனையிலும் பெரிய வீடுகளிலும் பிரெஞ்சு. காட்டிலும் தொழுவத்திலும் இங்கிலீஷ். அதனால்தான் ஆட்டை மேய்த்தவன் அதை ஷீப் என்றான், சாப்பிட்டவன் மட்டன் என்றான். மட்டன் பிரெஞ்சில் இருந்து வந்தது. மாடு கவ், அதன் கறி பீஃப். பன்றி பிக், அதன் கறி போர்க். எல்லாம் இதே கதைதான்.

பிரெஞ்சு மொழி லத்தீனில் இருந்து பிறந்தது. பின்னால் படித்தவர்கள் லத்தீன், கிரேக்கத்தில் இருந்து நேராகவும் நிறைய வார்த்தை எடுத்துக்கொண்டார்கள். அதனால் வீட்டில் பேசுகிற சின்ன வார்த்தைகள் பெரும்பாலும் பழைய இங்கிலீஷ். கோர்ட்டு, ஆஸ்பத்திரி, காலேஜ், விண்ணப்பத்தில் வருகிற பெரிய வார்த்தைகள் பெரும்பாலும் லத்தீன், கிரேக்கம். நமக்குப் பயம் காட்டுவது இந்த ரெண்டாவது வகைதான். ஆனால் உடைக்க எளிதானதும் இதுதான்.

தமிழ் மீடியத்தில் படிப்பது ஒரு லாபம்

இதைச் சொன்னால் சிலர் சிரிப்பீர்கள். நானே வட்டார அளவில் நடந்த ஒரு போட்டிக்குப் போனபோது, வேன் வைத்து வந்திருந்த பிள்ளைகள் பக்கத்தில் வாயே திறக்காமல் இருந்துவிட்டு வந்தவள்தான். ஆனால் நம் அறிவியல் புத்தகத்தைத் திறந்து பாருங்கள்.

டெலிஸ்கோப்புக்குத் தமிழில் தொலைநோக்கி. டெலி என்றால் தொலைவு, ஸ்கோப் என்றால் நோக்குவது. டெலிபோன் தொலைபேசி, டெலிவிஷன் தொலைக்காட்சி. மைக்ரோஸ்கோப் நுண்ணோக்கி, ஆக மைக்ரோ என்றால் நுண்மை. தெர்மாமீட்டர் வெப்பமானி, தெர்மோ வெப்பம், மீட்டர் அளப்பது. பயாலஜி உயிரியல், ஜுவாலஜி விலங்கியல், ஆக லாஜி என்றால் இயல். போட்டோசிந்தசிஸ் ஒளிச்சேர்க்கை. போட்டோ ஒளி, சிந்தசிஸ் சேர்ப்பது.

கவனித்தீர்களா? தமிழில் இந்தச் சொற்களை உருவாக்கிய அறிஞர்கள் கிரேக்கச் சொல்லை உடைத்து, துண்டுக்குத் துண்டு தமிழ் வைத்திருக்கிறார்கள். இங்கிலீஷ் மீடியத்தில் போட்டோசிந்தசிஸ் என்று மனப்பாடம் செய்கிறவர்கள் அந்தச் சொல்லுக்குள் ஒளி இருப்பதைத் தனியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். நமக்கு வார்த்தையிலேயே வெளிச்சம் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். இனிமேல் பாடம் படிக்கும்போது ரெண்டு பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கோடு போட்டு இணைத்துப் பாருங்கள்.

ஊகம் மட்டும் போதாது

இங்கே ஒரு எச்சரிக்கை. நான் பட்டது.

இன் என்று முன்னால் வந்தால் 'இல்லை' என்று அர்த்தம் வரும் என்று படித்தேன். கரெக்ட் சரி, இன்கரெக்ட் தவறு. கம்ப்ளீட் முழுமை, இன்கம்ப்ளீட் முழுமை இல்லாதது. இதை வைத்துக்கொண்டு அவினாசி ரோட்டில் பஸ்ஸில் போகும்போது, முன்னால் போன டேங்கர் லாரியில் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று படித்தேன். ஃபிளேம் என்றால் தீச்சுடர். உடனே தம்பியிடம், "இந்த லாரியில இருக்கிறது தீப்பிடிக்காதுடா" என்று பெருமையாகச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து அகராதியைப் பார்த்தால் நேர் எதிர்! இன்ஃப்ளேமபிள் என்றால் எளிதில் தீப்பற்றக்கூடியது. இந்த 'இன்'னுக்கு 'இல்லை' என்ற அர்த்தம் கிடையாது, 'உள்ளே' என்ற அர்த்தம். உள்ளே தீ வைப்பது என்ற லத்தீன் சொல்லில் இருந்து வந்தது. ஃபிளேமபிள், இன்ஃப்ளேமபிள் ரெண்டுக்கும் ஒரே பொருள். இப்படிக் குழப்பம் வருகிறது என்றுதான் இப்போது பல நாடுகளில் எச்சரிக்கைப் பலகையில் ஃபிளேமபிள் என்றே எழுதுகிறார்கள். இன்வேல்யூவபிள் என்பதும் இப்படித்தான் ஏமாற்றும். மதிப்பில்லாதது என்று தோன்றும். ஆனால் விலை மதிக்கவே முடியாத அளவு உயர்ந்தது என்று பொருள்.

ஆகவே உடைத்துப் பார்த்து ஊகம் செய்யுங்கள். பிறகு அகராதியில் பார்த்து உறுதி செய்யுங்கள். முதலாவது இல்லாமல் ரெண்டாவது செய்தால் மறந்துவிடும். ரெண்டாவது இல்லாமல் முதலாவது மட்டும் செய்தால் ஆபத்து.

எத்தனை வார்த்தை வேண்டும்?

அகராதியை முதல் பக்கத்தில் இருந்து மனப்பாடம் செய்யலாம் என்று நான் ஆரம்பித்தேன். ரெண்டு வாரத்தில் நின்றுவிட்டது. எந்த வார்த்தை முக்கியம் என்று பெரியவர்கள் எண்ணியே வைத்திருக்கிறார்கள் என்று டீச்சர் சொன்னார்கள். வங்காளத்தில் பல வருஷம் வேலை பார்த்த மைக்கேல் வெஸ்ட் என்பவர் 1953-இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். அதில் சுமார் 2,000 அடிப்படை வார்த்தைகள். நம் பாடப் புத்தகங்களிலேயே இதில் நிறைய வந்துவிடும். நியூசிலாந்தைச் சேர்ந்த அவெரில் காக்ஸ்ஹெட் என்ற அம்மையார் 2000-ஆம் ஆண்டு இன்னொரு பட்டியல் கொடுத்தார். அதில் 570 சொல் குடும்பங்கள். அனலைஸ், டிஃபைன், மெத்தட், ரிக்வயர், சிக்னிஃபிகன்ட் மாதிரி கல்லூரிப் புத்தகங்களில் எந்தப் பாடமானாலும் வருகிற வார்த்தைகள் அவை. கல்லூரிப் பாடங்களில் பத்து வார்த்தைக்கு ஒன்று இந்தப் பட்டியலில் இருந்து வருகிறதாம். பெரிய இங்கிலீஷ் வேண்டும் என்பவர்கள் இந்த 570-இல் ஆரம்பிக்கலாம்.

தினமும் மூன்று குடும்பம் என்றால் 190 நாளில் 570-உம் முடிந்துவிடும். சிறு துளி பெரு வெள்ளம்.

மறக்காமல் இருக்க ஐந்து டப்பா

படித்தது மறந்துபோவது நம் தப்பு மட்டும் கிடையாது. ஜெர்மனியைச் சேர்ந்த எபிங்ஹாஸ் என்பவர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று சோதித்து 1885-இல் புத்தகமாக எழுதினார். படித்த உடனே நிறைய மறக்கும், இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் மறப்பது குறையும் என்பது அதில் இருந்து நமக்குக் கிடைக்கும் பாடம். அதே ஜெர்மன் மொழியில் செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1972-இல் இதற்கு ஒரு பெட்டி முறையை எழுதினார். அதை நான் எங்கள் வீட்டில் செய்த விதம் இது:

1. பழைய கல்யாணப் பத்திரிகையை நாலாக வெட்ட வேண்டும். எழுத்து இல்லாத பக்கத்தில் இங்கிலீஷ் வார்த்தை. அச்சடித்த பக்கத்தில் வெள்ளைத் தாள் ஒட்டி அதில் அர்த்தமும் ஒரு வாக்கியமும்.

2. ஒரு செருப்பு டப்பாவுக்குள் அட்டை வைத்து ஐந்து அறை தடுக்க வேண்டும்.

3. புது அட்டை எல்லாம் முதல் அறையில். அதைத் தினமும் பார்க்க வேண்டும். அர்த்தம் சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த அறைக்குப் போகும்.

4. ரெண்டாம் அறை மூன்று நாளைக்கு ஒரு தடவை. மூன்றாம் அறை வாரம் ஒரு தடவை. நாலாம் அறை ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை. ஐந்தாம் அறை மாசம் ஒரு தடவை.

5. எந்த அறையில் தப்பாகச் சொன்னாலும் அந்த அட்டை முதல் அறைக்கே திரும்ப வர வேண்டும். அழுகையாக வரும். ஆனாலும் ஏமாற்றக் கூடாது.

எனக்குச் செலவு பசைக்கு மட்டும்தான். தம்பி அட்டையைத் தூக்கிக் கேட்பான், நான் சொல்வேன். இப்போது அவனுக்கும் பாதி வார்த்தை தெரியும்.

வார்த்தைக்கும் கூட்டாளி உண்டு

தமிழில் சோறு சாப்பிடுகிறோம், தண்ணி குடிக்கிறோம், மாத்திரை போடுகிறோம். மாத்திரையை 'எடுத்தேன்' என்று அம்மிச்சியிடம் சொன்னால் "எங்கிருந்து எடுத்த?" என்று கேட்பார்கள். இங்கிலீஷில் மாத்திரைக்கு 'டேக்'தான் வரும். அதே மாதிரி டீ என்றால் ஸ்ட்ராங், மழை என்றால் ஹெவி. ஸ்ட்ராங் ரெயின் என்று சொல்ல மாட்டார்கள். தப்பு செய்வதற்கு 'டூ' வராது, 'மேக்'தான் வரும். அதனால் அட்டையில் ஒற்றை வார்த்தையாக எழுதாமல் அதன் கூட்டாளியோடு எழுதுங்கள். வாக்கியம் நம் ஊரைப் பற்றியே இருக்கட்டும். நம் கிணறு, நம் பஸ், நம் ஆடு. லண்டன் பாலத்தைப் பற்றி எழுதினால் நமக்கு நினைவில் நிற்காது.

ஒரே பொருள், வேறு வேறு பலம்

பூச்சிமருந்து டப்பாவில் ஒரு சாய்சதுரம் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கீழ்ப் பாதியில் நிறம் இருக்கும், மேல் பாதியில் எச்சரிக்கை வார்த்தை இருக்கும். சிவப்பு என்றால் மண்டை ஓட்டுப் படத்தோடு பாய்சன். மஞ்சள் என்றாலும் பாய்சன். நீலம் என்றால் டேஞ்சர். பச்சை என்றால் காஷன். விஷத்தின் கடுமை இந்த வரிசையில் குறைந்துகொண்டே வருகிறது. பச்சை என்றால் குடிக்கலாம், கையில் அள்ளலாம் என்று அர்த்தம் கிடையாது. அதுவும் விஷம்தான்.

மூன்று வார்த்தையும் எச்சரிக்கைதான், ஆனால் பலம் வேறு. அகராதியில் 'ஆபத்து' என்று மட்டும் பார்த்து விட்டுவிட்டால் இந்த வித்தியாசம் தெரியாது. பெஸ்டிசைட், இன்செக்டிசைட், ஃபங்கிசைட் எல்லாவற்றிலும் கடைசியில் வரும் சைட் என்பதற்குக் கொல்வது என்று பொருள். பெஸ்ட் என்றால் பயிரை அழிப்பது, இன்செக்ட் பூச்சி, ஃபங்கஸ் பூஞ்சை. கடையில் எதை வாங்குகிறோம் என்று அப்பாவுக்கு நீங்களே படித்துச் சொல்லலாம்.

உங்களுக்குத் தெரியுமா?

இங்கிலீஷ்காரர்கள் நம்மிடமும் கடன் வாங்கி இருக்கிறார்கள். கட்டமரான் நம் கட்டுமரம். செரூட் நம் சுருட்டு. மல்லிகடானி நம் மிளகுத்தண்ணி. அனிகட் நம் அணைக்கட்டு. கரிகாலன் கட்டிய கல்லணையை கிராண்ட் அனிகட் என்றுதான் இங்கிலீஷில் எழுதுகிறார்கள். அவர்கள் வெட்கப்படாமல் வாங்கினார்கள். நாமும் வெட்கப்படாமல் வாங்குவோம்.

முடிவாக

இப்போது எங்கள் வீட்டில் எந்த மருந்து வந்தாலும் அதன் மேல் ஸ்கெட்ச் பேனாவில் நான் தமிழில் எழுதி ஒட்டிவிடுவேன். 'தேய்க்க மட்டும்', 'குடிக்க, குலுக்கிவிட்டு', 'இந்த மாசத்தோடு சரி' என்று. அம்மிச்சிக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனாலும் என்னை நிறுத்திவைத்து, "இது எக்ஸ்டர்னலா கண்ணு?" என்று கேட்பார்கள். அந்த ஒரு இங்கிலீஷ் வார்த்தை அவர்களுக்கும் தெரிந்துவிட்டது.

தோழர் தோழிகளே, இன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் உங்கள் வீட்டில் இருக்கிற மருந்து பாட்டில், பூச்சிமருந்து டப்பா எல்லாவற்றையும் ஒரு தடவை படியுங்கள். தெரியாத வார்த்தையை எழுதிக்கொண்டு வாருங்கள். அதை இந்த டப்பாவில் போட்டால் நானும் டீச்சரும் அர்த்தம் எழுதி அடுத்த வாரம் ஒட்டுகிறோம்.

கடைசியாக ஒரு புதிர். சப் என்றால் கீழே. சப்மரைன் என்றால் கடலுக்கு அடியில் போகும் கப்பல், ஏனென்றால் மரைன் என்பது கடல். டெர்ரா என்றால் நிலம். அப்படியானால் சப்டெரேனியன் என்றால் என்ன? முதலில் உடைத்து ஊகம் செய்யுங்கள், பிறகு அகராதி பாருங்கள். விடையைத் துண்டுச் சீட்டில் எழுதிப் பெயர், வகுப்போடு டப்பாவில் போடவும். சரியான விடை அடுத்த இதழில்.

பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி